பத்தாண்டு வாக்கு

2003ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஒரு சிறிய நூலகத்துக்கு நெருக்கடி வந்தது. டெரிடர் என்ற சிற்றூரில் இருக்கும் போரகார்ட் பாரிஷ் பொது நூலகம் அது. அங்கே சில சர்வர்களும் 50க்கு மேற்பட்ட கணினிகளும் ரெட் ஹேட் லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தன. காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம், ஓட்டை ஏதும் கண்டுபிடிக்கப்பட்டால் திருத்தம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் அமைந்த ஏற்பாடு. அந்த ஆண்டு ரெட் ஹேட் நிறுவனம் அந்த வழியை அடைத்தது. 9ஆம் பதிப்புதான் கடைசி, 2004 ஏப்ரலோடு அதற்கான திருத்தங்களும் நின்றுவிடும் என்றது. இனி அலுவலகங்களுக்கு ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ். அதற்கு மெஷினுக்கு மெஷின் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். இலவசமாக வேண்டுமென்றால் ஃபெடோரா. அது புதியவற்றை உடனுக்குடன் பார்க்க விரும்புகிறவர்களுக்கானது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் சுமார் ஓராண்டு.

முதலாவதைத் தேர்ந்தால் ஆண்டுதோறும் செலவு. இரண்டாவதைத் தேர்ந்தால் ஆண்டுதோறும் எல்லா மெஷின்களையும் அழித்துப் புதிதாக நிறுவும் வேலை. நூலகத்தில் கணினிப் பொறுப்பில் இருந்தவர் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டார். என்டர்பிரைஸ் லினக்ஸின் மூலநிரலை ரெட் ஹேட் யாரும் எடுக்கும்படி இணையத்தில் வைத்திருந்தது. அதை எடுத்து, ரெட் ஹேட்டின் பெயரையும் சின்னத்தையும் நீக்கி, ஒவ்வொரு பேக்கேஜாகத் தாமே கட்டி எழுப்பினார். ஒயிட் பாக்ஸ் என்டர்பிரைஸ் லினக்ஸ் என்று பெயர் வைத்தார். நூலகம் தன் தேவைக்காகச் செய்துகொண்டதை மற்றவர்களுக்கும் திறந்துவிட்டது.

ஏறத்தாழ அதே மாதங்களில் வேறு ஊர்களிலும் சிலர் அதே காரியத்தில் இறங்கியிருந்தார்கள். சிகாகோவுக்கு அருகில் உள்ள ஃபெர்மிலாப் இயற்பியல் ஆய்வகமும் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகமும் சேர்ந்து 2004இல் சயன்டிஃபிக் லினக்ஸை வெளியிட்டன. தாவோ லினக்ஸ் என்றொன்று வந்தது. கலிஃபோர்னியாவில் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் வேலை பார்த்த கிரிகரி குர்ட்ஸர் தொடங்கிய கேயாஸ் என்ற தன்னார்வக் குழுவிலிருந்து, 2004 மார்ச்சில் சென்ட்ஓஎஸ் 3 வெளிவந்தது. எல்லாம் ஒரே மூலநிரலில் பிறந்த பிள்ளைகள். அவற்றில் சென்ட்ஓஎஸ் மட்டும் வளர்ந்து உலகெங்கும் போனது. அதன் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் சர்வர் என்றால் என்ன என்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும். அலுவலக நெட்வொர்க்கில் யாரும் எதிரில் உட்கார்ந்து பார்க்காத மெஷின் அது. எந்தப் பாஸ்வேர்டில் யார் உள்ளே வரலாம், கணக்குப் பிரிவின் ஃபோல்டரை யார் திறக்கலாம், எந்தக் கணினிக்கு எந்த ஐபி முகவரி, பிரிண்டருக்கு யார் என்ன அனுப்பினார்கள், இரவு பேக்கப் எங்கே போகிறது என்று அத்தனையும் அதன் பொறுப்பு. மேசைக் கணினியில் ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்றினால் ஒருவருக்கு ஒரு நாள் வேலை கெடும். சர்வரில் மாற்றினால் ஆபீஸே கைகட்டி உட்கார்ந்திருக்கும். அதனால் சர்வருக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் தேடுகிறவர் வசதிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு தேதியைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த நாள்வரை வரும்? அந்தத் தேதிக்கு வாக்குக் கொடுத்தது யார்? கொடுத்தவர் மனம் மாறினால் நமக்கு வேறு வாசல் உண்டா? இந்த மூன்று கேள்விகளும் சென்ட்ஓஎஸ்ஸின் வாழ்க்கையில் ஒவ்வொன்றாகத் தலைதூக்கின.

மூலநிரலை எடுத்துத் திரும்பக் கட்டுவது என்பது கேட்க எளிது. லினக்ஸில் மென்பொருள்கள் பேக்கேஜ் பேக்கேஜாக வருகின்றன. ஒவ்வொரு பேக்கேஜுக்கும் மூல வடிவம் உண்டு. அதில் நிரலும், அதை எப்படிக் கட்டுவது என்ற குறிப்பும் இருக்கும். ஆனால் கட்டுகிற நேரத்தில் அந்த மெஷினில் எந்த கம்பைலர் இருந்தது, எந்த லைப்ரரியின் எந்தப் பதிப்பு இருந்தது என்பதைக் குறிப்பு முழுமையாகச் சொல்லாது. ரெட் ஹேட்டின் உள்கட்டமைப்பில் எந்தப் பேக்கேஜ் முதலில் கட்டப்பட்டது, எது பிறகு என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. வரிசை ஓரிடத்தில் பிசகினால் விளைகிற கோப்பு பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே வேறு லைப்ரரியைத் தேடும். ஆகவே சென்ட்ஓஎஸ் குழுவினர் கட்டிய ஒவ்வொரு பேக்கேஜையும் ரெட் ஹேட்டின் பேக்கேஜோடு பக்கத்தில் வைத்து, என்னென்ன கோப்புகள் இருக்கின்றன, எந்தெந்த லைப்ரரிகளை அழைக்கின்றன என்று ஒப்பிட்டார்கள். ஒத்துவராவிட்டால் சூழலை மாற்றி மறுபடி கட்டினார்கள். பிழைக்குப் பிழை ஒத்திருக்க வேண்டும் என்பதே அவர்கள் இலக்கு. ரெட் ஹேட்டில் ஒரு பிழை இருந்தால் சென்ட்ஓஎஸ்ஸிலும் அது இருக்கும். அங்கே திருத்தினால்தான் இங்கேயும் திருந்தும். தங்கள் கைவண்ணத்தைக் காட்டாமல் இருப்பதற்கு அவ்வளவு உழைத்தார்கள். எனக்கு அந்தக் குழுவின் மேல் உள்ள மரியாதையில் பெரும்பகுதி இதனால் வந்தது.

பெயர் விஷயத்தில் ரெட் ஹேட் கண்டிப்பாக இருந்தது. 2005இல் அதன் வழக்கறிஞர்கள் எழுதிய பிறகு, சென்ட்ஓஎஸ் தன் பக்கங்களில் ரெட் ஹேட் என்ற சொல்லையே எடுத்துவிட்டு, மேல்நீரோட்டத்தில் இருக்கும் நிறுவனம், வட அமெரிக்காவின் முக்கிய என்டர்பிரைஸ் லினக்ஸ் நிறுவனம் என்றெல்லாம் எழுதியது. மூலநிரலைத் தருவதில் அந்த நிறுவனம் அப்போது குறைவைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜிபிஎல் உரிமத்தின்படி மென்பொருளைப் பெற்றவருக்கு மூலநிரலையும் தந்தால் போதும். ஊருக்கெல்லாம் திறந்துவைப்பது உரிமத்தின் கட்டாயத்தைத் தாண்டிய செயல்.

இப்படிக் கட்டியதில் அலுவலகங்களுக்கு என்ன லாபம்? என்டர்பிரைஸ் லினக்ஸின் ஆயுள் நீண்டது. 5ஆம் பதிப்பிலிருந்து அது பத்தாண்டு என்றானது. அந்தப் பத்தாண்டும் பதிப்பு எண்கள் பெரும்பாலும் அசையாது. சென்ட்ஓஎஸ் 7 வந்தபோது அதில் இருந்த, சிஸ்டத்தின் கருவான கெர்னல் 3.10, 2013இல் வெளியானது. 2024இல் அந்தப் பதிப்பு முடிந்தபோதும் கெர்னலின் எண் 3.10தான். நடுவில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளுக்கான திருத்தங்களை மட்டும் புதிய கெர்னல்களிலிருந்து பிரித்தெடுத்து, பழைய நிரலில் பொருத்திக் கொடுத்துவந்தது ரெட் ஹேட். மிக நுட்பமான, புகழ் சேர்க்காத வேலை. புதிய வசதிகளுக்காக ஏங்குகிறவருக்கு இது பழைய சரக்கு. ஆனால் சம்பளப் பட்டியல் போடும் மென்பொருள் இந்த மாதம் ஓடியதுபோலவே அடுத்த மாதமும் ஓட வேண்டும் என்று நினைக்கிற அலுவலகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அந்த நிலைத்தன்மையைச் சந்தா இல்லாமல் கொடுத்தது சென்ட்ஓஎஸ்.

கொடுத்தவர்கள் பத்துப் பதினைந்து பேருக்குள் அடங்குகிற ஒரு குழு. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் பேக்கேஜ் கட்டியவர்கள். ஆரம்பத்தில் குர்ட்ஸரோடு இருந்த ராக்கி மெக்காக் 2004இலேயே இறந்துபோனார். குர்ட்ஸரும் பின்பு வேறு பணிகளுக்குப் போனார். ஜானி ஹியூஸ், கரன்பீர் சிங் போன்றவர்கள் சுமையை ஏந்தினார்கள். 2006இல் தாவோ லினக்ஸ் தன் பயனர்களை சென்ட்ஓஎஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு ஓய்ந்தது.

அதே 2006 மார்ச்சில் ஒக்லஹோமா மாநிலத்தின் டட்டில் என்ற ஊரின் நிர்வாகி, சென்ட்ஓஎஸ் குழுவுக்கு ஒரு கடும் மின்னஞ்சல் அனுப்பினார். ஊரின் இணையதளத்தைத் திறந்தால் சென்ட்ஓஎஸ் என்ற பெயரோடு ஏதோ பக்கம் வருகிறது, நீங்கள் உள்ளே புகுந்துவிட்டீர்கள், உடனே அகற்றாவிட்டால் எஃப்பிஐக்குப் புகார் கொடுப்பேன் என்பது அதன் சாரம். நடந்தது இதுதான்: அந்தத் தளத்தை வைத்திருந்த ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரில் அமைப்பு குலைந்து, வெப் சர்வரின் சோதனைப் பக்கம் மேலே வந்திருந்தது. தன் ஊரின் தளம் எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடுகிறது என்பது நிர்வாகிக்குத் தெரிந்திருக்கவில்லை. ஜானி ஹியூஸ் பொறுமையாக, பல மின்னஞ்சல்களில், பிரச்சினை எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்துச் சொன்னார். ஒரு பைசா வாங்காத மென்பொருளுக்கு, மிரட்டிய ஒருவருக்கு, அவர் செய்த உதவி அது. அந்தக் கடிதங்கள் வெளிவந்து உலகமே படித்தது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, சென்ட்ஓஎஸ் அதற்குள் எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதுதான். பயன்படுத்துகிறவருக்கே தெரியாமல் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. 2010 ஜூலையில், லினக்ஸில் ஓடும் வெப் சர்வர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் சென்ட்ஓஎஸ் என்று ஒரு கணக்கெடுப்பு காட்டியது. இன்னொரு லினக்ஸான டெபியனையே முந்திய இடம் அது.

அத்தனை சுமையும் நின்ற தூண் எவ்வளவு மெலிந்தது என்பதும் அந்த ஆண்டுகளில்தான் தெரிந்தது. 2009 ஜூலை 30 அன்று சென்ட்ஓஎஸ் குழுவினர் தங்களுள் ஒருவருக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். இணைய முகவரியும் நன்கொடைக் கணக்கும் அவர் பெயரில் இருந்தன. அவரோ தொடர்புக்கே கிடைக்கவில்லை. இரண்டொரு நாளில் அவர் பேச வந்தார், விஷயம் சுமுகமாக முடிந்தது. ஆனால் ஆயிரக்கணக்கான அலுவலகங்கள் திருத்தங்களை இறக்கிக்கொண்டிருந்த முகவரி ஒரு தனிமனிதரின் பெயரில் இருந்தது என்ற செய்தி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

அடுத்த அடி தாமதத்தால் விழுந்தது. ரெட் ஹேட் 6ஆம் பதிப்பை 2010 நவம்பர் 10 அன்று வெளியிட்டது. சென்ட்ஓஎஸ் 6 வந்தது 2011 ஜூலை 10 அன்று. எட்டு மாதம். புதிய பதிப்பு தாமதமானால் காத்திருக்கலாம். ஆனால் 5ஆம் பதிப்பின் அடுத்த கட்டமும் அதே காலத்தில் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. அதனால் ஓடிக்கொண்டிருந்த சர்வர்களுக்கான பாதுகாப்புத் திருத்தங்களும் தடைப்பட்டன. அதைத்தான் அலுவலகங்களால் தாங்க முடியவில்லை. மார்ச்சிலேயே 6ஆம் பதிப்பை முடித்திருந்த சயன்டிஃபிக் லினக்ஸுக்குப் பலர் மாறினார்கள். சம்பளம் வாங்கும் ஆட்களை வைத்திருந்த ஆய்வகங்களால் முடிந்தது தன்னார்வலர்களால் முடியவில்லை. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரும் அவர்களுக்குச் சம்பளம் தரவில்லை. எல்லோரும் தேதியை மட்டும் கேட்டார்கள்.

ஆகவே 2014 ஜனவரி 7 அன்று, ரெட் ஹேட்டும் சென்ட்ஓஎஸ்ஸும் கைகோத்தன என்ற அறிவிப்பு வந்தபோது பெரும்பாலோர் நிம்மதியடைந்தார்கள். முக்கியமான சிலரை ரெட் ஹேட் வேலைக்கு எடுத்துக்கொண்டது. பெயரின் உரிமையும் அதனிடம் போனது. பலன் உடனே தெரிந்தது: ரெட் ஹேட் 7 ஜூன் 10 அன்று வந்தது, சென்ட்ஓஎஸ் 7 ஜூலை 7 அன்று வந்தது. எட்டு மாதம் நான்கு வாரமாகச் சுருங்கியது. முன்பு பெயரைச் சொல்லவே தடைவிதித்த நிறுவனம் இப்போது வீட்டுக்குள்ளேயே இடம் கொடுத்தது. வாக்குக் கொடுப்பவர் யார் என்ற கேள்விக்கு அன்று எல்லோரும் திருப்தியான விடை கிடைத்ததாக நினைத்தார்கள். விலைக்கு விற்கும் பொருளின் இலவச நகலும் அதே உரிமையாளர் கையில் இருந்தால், நாளை அவர் எதைக் காப்பாற்றுவார் என்று கேட்டவர்கள் குறைவு.

2018 அக்டோபரில் ரெட் ஹேட்டை 34 பில்லியன் டாலருக்கு வாங்குவதாக ஐபிஎம் அறிவித்தது. 2019 ஜூலையில் அது முடிந்தது. அதற்கு முன் ஏப்ரலில் ஃபெர்மிலாப் ஒரு முடிவைச் சொல்லியிருந்தது: சயன்டிஃபிக் லினக்ஸுக்கு 8ஆம் பதிப்பு கிடையாது, இனி நாங்களும் சென்ட்ஓஎஸ் 8க்கே போகிறோம். நியாயமான முடிவு. ஒரே வேலையை இரண்டு இடத்தில் ஏன் செய்ய வேண்டும்? அந்த 8ஆம் பதிப்பு செப்டம்பர் 24 அன்று வெளிவந்தது. 2029 மே வரை திருத்தங்கள் வரும் என்று எல்லோரும் நாட்காட்டியில் குறித்துக்கொண்டார்கள்.

2020 டிசம்பர் 8 அன்று அந்தத் தேதி மாறியது. சென்ட்ஓஎஸ் 8 இன் ஆயுள் 2021 டிசம்பர் 31 அன்று முடியும். ஏழாண்டுக்கு மேல் வெட்டப்பட்டது. இனி சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் மட்டுமே தொடரும். முன்பு ஓட்டம் ஃபெடோராவிலிருந்து ரெட் ஹேட்டுக்கு வந்து, அங்கிருந்து சென்ட்ஓஎஸ்ஸுக்கு இறங்கும். ஸ்ட்ரீமில் அது தலைகீழ்: ரெட் ஹேட்டின் அடுத்த கட்டத்தில் வரப்போகும் மாற்றங்கள் முதலில் இங்கே வந்து, பிறகு ரெட் ஹேட்டுக்குப் போகும். ஸ்ட்ரீம் மோசமானது என்று சொல்லமாட்டேன். ஃபேஸ்புக்கை நடத்தும் நிறுவனம் தன் சர்வர்களை அதில்தான் ஓட்டுகிறது. ஆனால் அவர்களிடம் ஒவ்வொரு மாற்றத்தையும் சோதிக்க ஆள் இருக்கிறது. ஒரே சர்வரும், அதைப் பகுதிநேரமாகப் பார்த்துக்கொள்ளும் ஒருவரும் இருக்கிற அலுவலகத்துக்கு, மற்றவர்கள் ஓட்டிப் பார்த்துச் சரி என்று சொன்னது வேண்டும். பேக்கப் மென்பொருளும் ரெய்டு கார்டின் டிரைவரும் ரெட் ஹேட்டின் இன்ன பதிப்புக்கு என்று எழுதித்தான் வருகின்றன.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன். தன் உழைப்பை இலவசமாக நகலெடுப்பவர்களுக்கு உதவுவதை நிறுத்த ரெட் ஹேட்டுக்கு உரிமை உண்டு. பத்தாண்டு பழைய நிரலுக்குத் திருத்தம் தைப்பவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது அதுதான். 9ஆம் பதிப்பிலிருந்து சென்ட்ஓஎஸ் இருக்காது என்று அறிவித்திருந்தால் வருத்தப்பட்டிருப்பார்கள், ஏற்றுக்கொண்டிருப்பார்கள். ஏற்கனவே வெளியிட்டு, மக்கள் நிறுவி, அதன் மேல் தங்கள் அலுவலகத்தை ஏற்றிவைத்துவிட்ட ஒரு பதிப்பின் தேதியை நடுவில் வெட்டியது வேறு. அதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. 7ஆம் பதிப்பிலேயே தங்கியிருந்தவர்களுக்கு 2024 ஜூன் வரை இருந்தது. நம்பி முன்னே போனவர்களுக்கு ஓராண்டே மிஞ்சியது.

ஆனால் மூன்றாவது கேள்விக்கு சென்ட்ஓஎஸ்ஸின் பிறப்பிலேயே விடை இருந்தது. பிழைக்குப் பிழை ஒத்திருந்ததால், அதை விட்டு வெளியேறுவது எளிது. சர்வரை அழிக்காமல், அதன் மேலேயே ஒரு சிறு நிரலை ஓட்டி, ரெட் ஹேட்டின் இன்னொரு நகலான ஆரக்கிள் லினக்ஸாகவோ ரெட் ஹேட்டாகவோ மாற்றிக்கொள்ள முடிந்தது. அறிவிப்பு வந்த அன்றே குர்ட்ஸர், தொடங்கி வைத்தவர் என்ற முறையில், மறுபடி ஒன்றைக் கட்டுவேன் என்றார். இறந்துபோன தோழரின் நினைவாக அதற்கு ராக்கி லினக்ஸ் என்று பெயர். ஹோஸ்டிங் நிறுவனங்களுக்காக இதே மூலநிரலில் ஆண்டுக்கணக்காகத் தொழில் செய்துவந்த கிளவுட்லினக்ஸ் நிறுவனம், ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் ஒதுக்கி அல்மாலினக்ஸைத் தொடங்கியது. பிறகு அதை இலாப நோக்கற்ற அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. அல்மா 2021 மார்ச் 30 அன்றும் ராக்கி ஜூன் 21 அன்றும் வந்தன. 2021 முடிவதற்குள் வீடு மாற இரண்டு வாசல் திறந்திருந்தது. 2022 டிசம்பரில் செர்னும் ஃபெர்மிலாப்பும் அல்மாலினக்ஸைத் தங்கள் பரிந்துரையாக அறிவித்தன.

ரெட் ஹேட்டும் 2021 ஜனவரியில் ஒரு வாசல் திறந்தது: 16 மெஷின்கள்வரை, நேரடிப் பணிக்கும் சேர்த்து, இலவசச் சந்தா. இரண்டு மூன்று சர்வர் வைத்திருப்பவருக்கு இது உண்மையில் நல்ல வாய்ப்பு. ஒரு கவனம் வேண்டும். அந்தச் சந்தா தனிநபருக்கானது. கணக்கு ஊழியர் ஒருவர் பெயரில் இருக்கும். அவர் வேலையை விட்டுப் போனால் சர்வரின் திருத்தங்களுக்கான சாவியும் அவரோடு போகும். 2009இல் சென்ட்ஓஎஸ் பட்ட பாட்டை அலுவலகத்துக்குள் கொண்டுவர வேண்டியதில்லை.

கதை அங்கே முடியவில்லை. 2023 ஜூன் 21 அன்று, என்டர்பிரைஸ் லினக்ஸின் மூலநிரலை இனிப் பொதுவில் வைக்கப்போவதில்லை, சந்தாதாரர்களுக்கு மட்டுமே என்றது ரெட் ஹேட். பொதுவில் ஸ்ட்ரீமின் நிரல் மட்டும் இருக்கும். அல்மாவும் ராக்கியும் இரண்டு பாதையில் போயின. பிழைக்குப் பிழை ஒத்திருக்கும் இலக்கை அல்மா கைவிட்டது. ரெட் ஹேட்டுக்காகக் கட்டிய மென்பொருள் மாற்றமின்றி இங்கும் ஓடும், அது போதும் என்று தன் குறிக்கோளைத் திருத்திக்கொண்டது. ராக்கி பழைய இலக்கையே பிடித்துக்கொண்டு, கன்டெய்னர்கள் வழியாகவும் வாடகை கிளவுட் மெஷின்கள் வழியாகவும் மூலநிரலைப் பெறத் தொடங்கியது. ஆகஸ்டில் ஆரக்கிளும் இன்னொரு லினக்ஸ் நிறுவனமான சூசேயும் குர்ட்ஸரின் நிறுவனமும் சேர்ந்து, மூலநிரலைப் பொதுவில் வைப்பதற்கென்றே ஓப்பன்ஈஎல்ஏ என்ற கூட்டமைப்பை ஏற்படுத்தின. இதில் அலுவலகத்துக்கு எது நல்லது என்று கேட்டால், நான் அல்மாவின் பக்கம் சாய்வேன். அடுத்தவர் மனம் மாறினாலும் தான் திருத்தம் கட்ட முடியும் என்ற இடத்துக்கு அது வந்துவிட்டது.

2024 ஜூன் 30 அன்று சென்ட்ஓஎஸ் 7 முடிந்தது. அதோடு சென்ட்ஓஎஸ் லினக்ஸ் என்ற பெயரில் உயிரோடு இருந்த கடைசிப் பதிப்பும் போயிற்று. பேக்கேஜ்களை எங்கிருந்து இறக்குவது என்று சொல்லும் முகவரியும் மூடப்பட்டது. அதற்குப் பிறகு புதிதாக ஒரு பேக்கேஜ் போட முயன்றவர்களுக்குப் பிழைச்செய்திதான் வந்தது. காப்பகத்தின் முகவரியைக் கையால் எழுதிப் பழையதை எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சரியாக மறுநாள், ஜூலை 1 அன்று, சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் பெரிய ஓட்டை ஒன்று அறிவிக்கப்பட்டது. 8.5ஆம் பதிப்பிலிருந்து 9.7 வரை பாதிப்பு. சென்ட்ஓஎஸ் 7 இல் இருந்தது 7.4. தப்பியது. ஆனால் அந்த ஓட்டை இன்னும் கொஞ்சம் பழைய நிரலில் இருந்திருந்தால், அன்று காலை விழித்த சென்ட்ஓஎஸ் 7 சர்வர்களுக்கு இலவசமாகத் திருத்தம் அனுப்ப யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இன்று ஒரு அலுவலகம் புதிதாகத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தால் என்ன செய்யும்? எல்லா மேசையிலும் விண்டோஸ், கணக்கு மென்பொருளும் விண்டோஸ் சர்வரைக் கேட்கிறது என்றால் அதையே வாங்குவது நேர்மையான விடை. ஐந்தும் ஐந்துமாகப் பத்தாண்டுத் திருத்தம் என்பது விண்டோஸைத் தயாரிக்கும் நிறுவனத்தின் வழக்கம். சர்வரின் விலையோடு, இணையும் ஒவ்வொரு ஆளுக்கோ கணினிக்கோ தனி லைசென்ஸ் உண்டு என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடக் கூடாது. கோப்புப் பகிர்வுக்கு லினக்ஸ் போதும் என்றால் சம்பா மென்பொருள் அதைச் செய்யும். விண்டோஸ் கணினிகளின் லாகினையே சம்பா கவனிக்க வேண்டுமென்றால் டெபியன் அல்லது அதன் வழிவந்த உபுண்டு பக்கம் போவது நல்லது. 2012 டிசம்பரில் வந்த 4.0 முதல் சம்பாவுக்கு அந்தத் திறமை இருந்தாலும், ரெட் ஹேட் வழிவந்தவற்றின் பேக்கேஜில் அந்தப் பகுதி சேர்க்கப்படுவதில்லை. டெபியனுக்கு உரிமையாளர் கிடையாது. 1993 முதல் தன்னார்வலர்களின் கையில், எழுதப்பட்ட விதிமுறைகளோடு நடக்கிறது. அதை விலைக்கு வாங்கி யாரும் தேதியை மாற்ற முடியாது. ஒவ்வொரு பதிப்புக்கும் சுமார் ஐந்தாண்டு என்பதால், பத்தாண்டில் இரண்டு முறை மேம்படுத்தும் வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும். முறையாக ஒரு ஆள் இருக்கும் அலுவலகத்துக்கு நான் தயங்காமல் சொல்வது அது.

ரெட் ஹேட் வழியிலேயே தொடர்கிறவர்களுக்கு 2025 மே மாதம் 10ஆம் பதிப்பு வந்தது. அதன் பேக்கேஜ்கள், இன்டெல் 2013இல் ஹேஸ்வெல் சிப்களோடு கொண்டுவந்த கட்டளைகள் இருக்கும் பிராசசர்களில்தான் ஓடும். அதற்கு முந்திய சர்வர்கள் வெளியே நிறுத்தப்பட்டன. ராக்கி 10உம் அந்த எல்லையிலேயே நின்றது. அல்மா அதே எல்லையில் ஒன்றைக் கட்டியதோடு, பழைய பிராசசர்களுக்காக இன்னொரு தொகுப்பையும் கட்டி வெளியிட்டது. புதிய மெஷின் வாங்க இந்த ஆண்டு பணமில்லாத ஒரு சிறிய நூலகம், பழைய சர்வரில் அதை நிறுவிக்கொள்ளலாம். 2035 மே வரை திருத்தம் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள்.